கழற்றி வைத்த சத்தம்

கார் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டியபடி, கிரீஷ் வாயால் "ஊஊங்ங்" என்று முனகிக்கொண்டே வண்டியை ஓட்டினான். கேளம்பாக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை பார்க்கிறது. மீட்டிங்கில் அவன் தொண்டையைக் கனைத்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்பேர்ப்பட்டவன் விடிந்தும் விடியாத நேரத்தில் சேலையூர்த் தெரு ஒன்றில் பசித்த கன்றுக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு போகிறான். நல்லவேளை, பார்க்க ஆளில்லை. பால் பாக்கெட் போடுகிறவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். நாய்கள் குப்பைத்தொட்டியின் அடியில் சுருண்டு கிடந்தன.

முன்னால் ஃபிரெடி நடந்துகொண்டிருந்தார். தேய்த்த முழுக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் மடக்குகிற வெள்ளைக் கோல். முனகல் காதில் விழுந்ததும் நின்றார். கோலால் இடதுபக்கம் தட்டிப் பார்த்து, சாக்கடை மூடியின் மேல் ஏறி ஒதுங்கி, சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

"குட் மார்னிங் தம்பி."

"குட் மார்னிங் அங்கிள்" என்று முனகலை நிறுத்திச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி முனகத் தொடங்கினான் கிரீஷ். தெருமுனை திரும்பிய பிறகுதான் வாயை மூடினான். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, தண்ணீர் குடித்தான். இந்தக் கூத்து தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எப்படித் தொடங்கியது என்பதைச் சொன்னால்தான் அதன் பிறகு நடந்தது புரியும்.

கிரீஷும் அவன் மனைவி சின்மயியும் அந்தத் தெருவில் தோத்தாத்ரி வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். எலக்ட்ரிக் கார் வாங்கிய புதிதில் கிரீஷுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி அதன் பெருமையைச் சொன்னான். கேட்டுக் கேட்டு ஓய்ந்த தெருக்காரர்கள் அவனைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். ஆசையாகக் கேட்ட ஒரே மனிதர் ஃபிரெடிதான்.

ஃபிரெடி தாம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். சர்க்கரை வியாதி முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றதையும் வாங்கிக்கொண்டது. மனைவி ஆஷா பொத்தேரிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவள் வேலைக்குக் கிளம்புமுன் அவருக்கு ஊசி போட்டு, சாப்பாட்டை மேசைமேல் எடுத்து வைத்து, எது எந்தக் கிண்ணத்தில் என்று சொல்லிவிட்டுப் போவாள். ஷேவ் செய்துவிடுவதும் அவள்தான். சட்டைக்கு நிறம் பார்த்துக் கொடுப்பதும் அவள்தான். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த மனிதர் ஒன்றை மட்டும் விடவில்லை. காலையில் வீட்டிலிருந்து கேம்ப் ரோடு பக்கத்து ஆலயம் வரை தனியாக நடந்து போவார், அங்கே சற்று நேரம் உட்கார்ந்திருப்பார், தனியாகத் திரும்பி வருவார். ஆரம்பத்தில் ஆஷா அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போயிருக்கிறாள். செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. "இது ஒண்ணையாவது எனக்கு விட்டு வையி ஆஷா" என்றார். அதன் பிறகு அவள் கேட்டருகே நின்று பார்ப்பதோடு சரி. அவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருப்பது போல் இருக்கும் என்று அவளே ஒருமுறை சின்மயியிடம் சொல்லியிருக்கிறாள்.

புது வண்டி முதல் தடவை அவரைக் கடந்தபோது ஃபிரெடி கோலை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இது என்ன வண்டி தம்பி? பாடிக்கிட்டே வருது?"

கிரீஷ் இறங்கியே விட்டான். எலக்ட்ரிக் வண்டிக்கு இன்ஜின் சத்தம் கிடையாது, மெதுவாகப் போகும்போது பக்கத்தில் வந்தாலும் தெரியாது, அதனால் தெருவில் நடக்கிறவர்களுக்காகக் கம்பெனிக்காரனே ஒரு சத்தத்தைத் தயார் செய்து ஸ்பீக்கரில் விடுகிறான், வேகம் எடுத்துவிட்டால் டயர் சத்தமே போதும், இது நின்றுவிடும் என்று விளக்கினான். ஃபிரெடி கோலை மடக்கிக்கொண்டார். போன மாதம்தான் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பூனை மாதிரி வந்து அவர் முழங்கையை உரசிவிட்டுப் போயிருந்தது. அந்த நடுக்கம் அவருக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

"அப்ப எங்களை மாதிரி ஆளுங்களை நினைச்சு யாரோ ஒருத்தர் உக்காந்து இதைச் செஞ்சிருக்காங்க" என்றார். "எங்க இருந்து வருது, தொட்டுப் பாக்கலாமா?"

கிரீஷ் அவர் கையைப் பிடித்து முன்பக்க பம்பரில் வைத்தான். அவர் அதைக் குழந்தையின் தலையைத் தடவுவது போலத் தடவினார். கிரீஷுக்கு ஏதோ தானே அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"என் வண்டியைப் பத்திக் கவலையே படாதீங்க அங்கிள். சத்தம் இல்லாம இது நகரவே நகராது. நீங்க நடு ரோட்லகூட தைரியமா நடங்க."

அன்று வீட்டுக்கு வந்து சின்மயியிடமும் ஒப்பித்தான். சத்தம் கேட்டால் ஃபிரெடி அங்கிள் தானாகவே இடதுபக்கம் ஒதுங்கிவிடுகிறார், ஹார்னே அடிக்க வேண்டாம் என்றான். அவள் ஐ.டி. வேலைக்குக் கம்பெனி வேனில் போகிறவள். காரை எப்போதாவதுதான் எடுப்பாள். "நல்லதா போச்சு" என்று லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கிரீஷ் நல்லவன். நல்லவர்களால் வாக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது.

கீழ் வீட்டில் தோத்தாத்ரியின் மனைவி சுந்தரவல்லி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தாள். அவள் படுத்திருக்கும் அறையின் ஜன்னலும் கார் நிறுத்தும் இடமும் ஒட்டினாற்போல். கிரீஷ் காலையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அந்த "ஊங்" நேராக அவள் அறைக்குள் போகும். தோத்தாத்ரி வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அதட்டிச் சொல்கிற ஆள் இல்லை. ஒருநாள் மாடிப்படி அடியில் நின்று காத்திருந்து சொன்னார்.

"கிரீஷ், தப்பா எடுத்துக்கப்படாது. அந்தச் சத்தம் வந்தா அவ திடுக்குனு முழிச்சுண்டுடறா. யாரோ அழறான்னு நினைச்சுக்கறா. அப்புறம் அவளைச் சமாதானம் பண்றதுக்குள்ள எனக்குப் போறும் போறும்னு ஆயிடறது. ஏதாவது பண்ண முடியுமோ?"

வீட்டு ஓனர் கெஞ்சிக் கேட்கிறார். அதட்டியிருந்தால் கிரீஷ் சட்டம் பேசியிருப்பான். கெஞ்சியதால் ஒன்றும் பேச முடியவில்லை. "பண்ணிடறேன் சார்" என்றான். வண்டியைத் தெருவில் நிறுத்தலாமா என்று யோசித்தான். எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். கம்பெனி சர்வீஸில் கேட்டான். சத்தத்தை நிறுத்தித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இரும்புலியூர் தாண்டி ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில், கார்களுக்கு ஸ்பீக்கரும் விளக்கும் மாட்டுகிற கடை ஒன்றில் கொண்டுபோய் விட்டான். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா சார் நீ. அவனவன் சவுண்டு வை, சவுண்டு வைன்னு வந்து நின்னுகினு கீறான். நீ கீற சவுண்டை எட்த்துடுன்ற."

"வீட்டு ஓனர் சொல்றாரு."

"வூட்டுக்காரன் சொல்ட்டானா? அப்போ அப்பீலே கெடையாது."

பம்பருக்குக் கீழே படுத்துக் கையை விட்டு ஒரு வயரை உருவினார், முனையில் கறுப்பு டேப்பைச் சுற்றினார். அவ்வளவுதான் வேலை. வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தோத்தாத்ரி வாசலில் நின்றுகொண்டு, வண்டி உள்ளே நுழைந்ததே தெரியவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். சுந்தரவல்லி விடிந்து வெகுநேரம் வரை தூங்கியதாக மறுநாள் சாயங்காலம் சொன்னார்.

மறுநாள் காலை கிரீஷ் தெருவில் திரும்பியபோது ஃபிரெடி நடு ரோட்டில் தைரியமாக நடந்துகொண்டிருந்தார். அவன் சொன்னபடியேதான் நடந்தார். வண்டி அவருக்குப் பின்னால் மிக அருகில் வந்தும் அவர் திரும்பவில்லை. கிரீஷ் பிரேக்கை அழுத்தினான். இறங்கிப் போய் "அங்கிள், சத்தத்தை எடுத்துட்டேன், இனிமே ஓரமா நடங்க" என்று சொன்னால் முடிந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பம்பரைத் தடவிய அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. ஹார்ன் அடிக்கலாம். கண் தெரியாத மனிதரின் முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அடித்தால் பதறி எந்தப் பக்கம் பாய்வாரோ. என்ன செய்கிறோம் என்று யோசிக்கு முன்னமே கண்ணாடியை இறக்கி "ஊஊங்ங்" என்று வாயால் முனகினான். ஃபிரெடி நின்றார், இடதுபக்கம் தட்டிப் பார்த்தார், ஒதுங்கினார், சிரித்தார்.

இரண்டொரு நாளில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். இரண்டொரு நாள் போனதும் இத்தனை நாள் சொல்லாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அப்புறம் பழகிவிட்டது. தூரத்தில் கேட்டருகே நிற்கும் ஆஷாவுக்கு அவன் வாய் தெரியாது. சின்மயியிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், சிரித்ததோடு விடாமல் ஆபீஸில் வேறு சொல்லுவாள். ஒருநாள் ஃபிரெடியே நிறுத்திக் கேட்டார்.

"சத்தம் கொஞ்சம் மாறின மாதிரி இருக்கே தம்பி? முன்ன மாதிரி இல்ல. கொஞ்சம் கரகரன்னு."

"சாஃப்ட்வேர் அப்டேட் அங்கிள்" என்றான் கிரீஷ். கூசாமல் வந்தது.

அப்புறம் ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே எழும்பவில்லை. சின்மயியின் அம்மா ஊரிலிருந்து ரயிலில் வருகிறாள், விடியற்காலை தாம்பரம் ஸ்டேஷனில் இறங்குவாள், போய் அழைத்துவர வேண்டும். "நீ படு, நான் போய்ட்டு வரேன்" என்று சின்மயி சாவியை எடுத்தாள். கிரீஷ் போர்வைக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தான்.

"மெதுவா போ. ஃபிரெடி அங்கிள் நடந்துட்டு இருப்பார்."

"தெரியும்பா. சத்தம் கேட்டா ஒதுங்கிடுவார். நூறு தடவை சொல்லியிருக்க."

சொல்லலாமென்று வாயெடுத்தான். ஒரு வார்த்தை போதும். அந்தக் காய்ச்சலிலும் அவனுக்கு வெட்கம்தான் முன்னால் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டு 'ஊங்' என்று முனகிக்கொண்டே போ என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? அவள் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்தது, அவர் இன்று வந்திருக்க மாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வாசல் கேட் திறந்து மூடுகிற ஓசை மட்டும் கேட்டது. வண்டி போன ஓசை கேட்கவில்லை. அதன் பிறகு ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. அது ஆஷா ஆன்ட்டியின் குரல்.

நடந்தது இவ்வளவுதான். ஃபிரெடி நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். சின்மயி பின்னால் மெதுவாக வந்தாள், அவர் ஒதுங்கட்டும் என்று காத்திருந்தாள். மரியாதைக்காக ஹார்ன் அடிக்கவில்லை. அவர் நின்றார். கேட்டுவிட்டார், இடதுபக்கம் போகப் போகிறார் என்று நினைத்து அவள் வலதுபக்கம் ஒடித்து முன்னேறினாள். அவர் நின்றது காலடியில் தண்ணீர் தேங்கியிருந்ததால். தண்ணீரைத் தவிர்க்க அவர் வலதுபக்கம் கால் வைத்தார். வண்டி தட்டியதில் சாக்கடையின் சிமெண்ட் மூடி விளிம்பில் இடுப்பு மோத விழுந்தார். எலும்பு முறிந்துவிட்டது. கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆஷா செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

மருத்துவமனையில் கம்பி வைத்துத் தைத்தார்கள். சர்க்கரை உடம்பு, புண் ஆற மறுத்தது. வாக்குமூலம் வாங்க வந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் ஃபிரெடி தெளிவாகச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க. அந்த வண்டி சத்தம் போட்டுக்கிட்டுத்தான் வரும், எனக்கு நல்லா தெரியும். தினமும் கேட்டு ஒதுங்குறவன்தானே நான். அன்னிக்கு எனக்குக் கேக்கல. என் காதும் போயிடுச்சு."

கதவோரம் நின்றிருந்த கிரீஷ் அதைக் கேட்டான். வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனான்.

சின்மயி இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. "அவர் நின்னார் கிரீஷ். கேட்டுட்டுதான் நின்னார். ஏன் அந்தப் பக்கம் வந்தார்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். தோத்தாத்ரி கேட்டது, வயரை உருவியது, வாயால் முனகியது, எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வெகுநேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"சொல்லாத."

வக்கீலும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். அடிபட்டவரே தன் தப்பு என்று சொல்லிவிட்டார், வழக்கு பெயருக்குத்தான் நடக்கும், பயப்பட வேண்டாம் என்றார். பேனாவை மூடும்போது, "வண்டியில எதையும் மாத்தலையே? மாத்தியிருந்தா கதையே வேற. இன்ஷூரன்ஸ் கைய விரிச்சிடுவான், மேடத்தைக் காப்பாத்த முடியாது" என்றார். கிரீஷ் இல்லை என்று தலையாட்டினான். சின்மயி மேசையைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் தோத்தாத்ரி மாடிக்கே ஏறி வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "நான் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன். கழட்டச் சொல்லலை, சொன்னேனா?" என்றார். "இல்ல சார்" என்றான் கிரீஷ். அவர் பெருமூச்சு விட்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். போலீஸார் எடுத்துப்போன வண்டியை, பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சத்தம் வருகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. திரும்ப வயரை மாட்டிவிடலாம். மாட்டினால் சத்தம் வரும், வந்தால் தெருவே திரும்பிப் பார்த்து இது இடையில் எங்கே போயிருந்தது என்று கேட்கும். அதனால் வண்டி உறை போட்டபடியே கிடந்தது. கிரீஷ் ஆபீஸுக்கு ஆட்டோ பிடித்தான்.

ஃபிரெடி வீடு திரும்பிவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. பழம் வாங்கிக்கொண்டு கிரீஷ் பார்க்கப் போனபோது டிவி தெருவரை கேட்கும்படி அலறிக்கொண்டிருந்தது. ஃபிரெடி ஒரு காதருகே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்த்தார், பிறகு மறு காதருகே. அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். வந்திருப்பது யார் என்று ஆஷா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"கொஞ்சம் சத்தமா பேசுங்க தம்பி. சின்மயி எப்படி இருக்கா? நல்ல பொண்ணு. என்னால போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல போய் நின்னுச்சு."

ஆஷா கிரீஷை வாசலுக்கு அழைத்து வந்து தாழ்ந்த குரலில் பேசினாள். காது டாக்டரிடம் கூட்டிப் போனாளாம். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இந்த வயதுக்கு இது நல்ல காது என்று டாக்டர் சொன்னாராம். இவர் நம்பவில்லை.

"கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து பீப் சத்தம் கேக்கறது வேற, தெரு வேறங்கிறார். டாக்டருக்கு என்ன தெரியும், அந்த வண்டிச் சத்தம்தானே எனக்குக் கேக்கலங்கிறார். கண்ணு போனப்பகூட இப்படி உக்காரல தம்பி. ராத்திரியெல்லாம் ஜெபம் பண்றார், என்னை முழுசா எடுத்துக்கோ ஆண்டவரேங்கறார்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? அந்த வண்டிய ஒரே ஒரு தடவை எங்க வாசல்ல ஓட்டிக் காட்டுங்க. கேட்டுச்சுன்னா அவருக்கு நம்பிக்கை வந்துடும். எழுந்து நடந்துடுவார்."

"கண்டிப்பா ஆன்ட்டி" என்றான் கிரீஷ். அவனால் வேறு என்ன சொல்ல முடியும்?

வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. அது தோன்றியபோது அவனுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது, ஆனாலும் அதை விடவில்லை. வயரை மாட்டக் கடைக்குப் போனால் கழற்றியதற்கு இன்னொரு சாட்சி உண்டாகிவிடும்; பழையபடி வாயால் முனகினால் போதும். ஃபிரெடிக்குக் கேட்கும், காது நன்றாக இருக்கிறது, அன்று ஏதோ கவனப்பிசகு என்று எடுத்துக்கொள்வார், எழுந்து நடப்பார். சின்மயிக்கும் ஒன்றும் ஆகாது. ஒரே முனகலில் எல்லோரும் பிழைத்துக்கொள்ளலாம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு முனகிப் பழகினான். காய்ச்சல் தொண்டை இப்போது தெளிந்துவிட்டது. அசல் ஸ்பீக்கரில் வருவது போலவே வந்தது. வெளியே வந்தபோது சின்மயி துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தத்தை மீறி அவளுக்குக் கேட்டிருக்கிறது என்பது அவள் தலையைத் தூக்காததிலிருந்தே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தெரு அடங்கியிருந்த நேரம். ஆஷா கேட்டுக்கு வெளியே சாலையோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஃபிரெடியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்காரவைத்தாள். அவர் தேய்த்த சட்டை போட்டிருந்தார், ஷேவ் செய்திருந்தார். பரீட்சைக்கு வந்து உட்கார்ந்தவர் மாதிரி இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கிரீஷ் வண்டியைத் தெருமுனைவரை கொண்டுபோய்த் திருப்பி நிறுத்தியிருந்தான். கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது.

ஆஷா உள்ளே போய்விடுவாள் என்று நினைத்திருந்தான். அவள் போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றாள், கணவர் முகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தபடி. மாடியிலிருந்து சின்மயி பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டு ஜன்னலில் தோத்தாத்ரியின் வெள்ளை பனியன் தெரிந்தது. விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் போயிற்று. அது போய்த் தேய்ந்து மறையட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு ஆஷா கையை உயர்த்தி அசைத்தாள்.

கிரீஷ் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி நகர்ந்தது. வாயைத் திறந்தான். ஆஷாவின் கண்கள் நேராக அவன் முகத்தில் இருந்தன. அந்தக் கண்களில் சந்தேகம் எதுவும் இல்லை, நன்றிதான் இருந்தது. முனகல் எழும்பவில்லை. மூச்சை இழுத்து மறுபடி முயன்றான். காற்றுதான் வந்தது. வண்டியை நிறுத்தலாம், பின்னால் எடுக்கலாம், இன்று பேட்டரி இல்லை என்று ஏதாவது சொல்லலாம். கால் பிரேக்குக்குப் போகவில்லை. வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்லப் பின்னால் நகர்ந்தன. இரண்டு வீடு தள்ளி யாரோ தேங்காய் துருவுவதுகூட அவனுக்குக் கேட்டது. டயருக்கடியில் ஒரு காய்ந்த வேப்பங்குச்சி முறிந்தது.

வண்டி நாற்காலிக்கு நேர் எதிரே, ஃபிரெடி கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் வந்து நின்றது.

ஃபிரெடி கழுத்தை லேசாகச் சாய்த்துத் தெருமுனைப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"நான் ரெடி தம்பி. வண்டிய எடுங்க."

ஆஷாவின் கை நாற்காலியிலிருந்து இறங்கியது. அவள் கணவரைப் பார்க்கவில்லை. பம்பரைப் பார்த்தாள், பிறகு மெல்லக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதன் அருகே தன் காதைக் கொண்டுபோனாள்.